இல்லாத உயிருக்கு எலும்பு

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தின் விண்சர் கோட்டையில், அரச குடும்பத்து ஓவியத் தொகுப்பில், ஒரு தாள் பாதுகாக்கப்பெற்று வருகிறது. இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி (1452–1519) தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் வரைந்தது அது. பள்ளிக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைவிடச் சற்றே பெரிய அத்தாள் முழுவதும் பூனைகள். உறங்கும் பூனை, உடலை நக்கித் தூய்மை செய்யும் பூனை, ஒன்றையொன்று கட்டிப் புரண்டு சண்டையிடும் பூனைகள், பதுங்கிக் குறிபார்க்கும் பூனை என ஒவ்வொன்றும் ஒரு நிலை. இடையே சிங்கங்களும் உள்ளன. இவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்த்து வரும் கண் திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிடும். பூனைகளின் நடுவே, உடலை முறுக்கி வளைத்தபடி, ஒரு டிராகன் நிற்கிறது.

அது அங்கு அயலாகத் தோன்றவில்லை என்பதே வியப்பு. சுற்றியிருக்கும் பூனைகளின் உடன்பிறப்பைப் போலவே அது திரும்புகிறது, வளைகிறது. அதே தாளில் லியனார்டோ எழுதிவைத்த குறிப்பொன்றும் உண்டு. உடல் மடங்குவதையும் நீள்வதையும் பற்றிய குறிப்பு அது. நெகிழ்ந்து வளையும் முதுகெலும்பு வாய்த்திருப்பதால் சிங்கம் இவ்வினத்திற்குத் தலைமை பூண்டது என்பது அதன் கருத்து. பூனையை ஆராய்ந்த கை, அந்த முதுகெலும்பை அப்படியே எடுத்து இல்லாத ஒரு விலங்கினுள் வைத்துவிட்டது. டிராகனை வரையக் கற்பவர்க்கு இத்தாளைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. கவிதை எழுதுவோர்க்கும் இதில் பயன் உண்டு என்பதனாலேயே இன்று இப்பொருள் இவ்வவைக்கு வந்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். விவிலியத்தைத் தமிழாக்கியோர் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் இவ்விலங்கை ‘வலுசர்ப்பம்’ என்றனர். அழகிய சொல்தான், எனினும் சர்ப்பம் என்றதும் கால்களும் சிறகுகளும் மறைந்துபோகின்றன. ‘பறவை நாகம்’ என்பாரும் உளர். சீனத்து டிராகனுக்குச் சிறகே இல்லாமையால் அதுவும் பொருந்துவதில்லை. ஆதலின் ‘டிராகன்’ என்ற வழக்குச் சொல்லே இவ்வுரையில் ஆளப்படுகிறது.

டிராகனை வரையத் தொடங்குவோரின் முதற்படங்கள் பெரும்பாலும் ஒரேவகையான பிழைகளைக் கொண்டிருக்கும். செதில்கள் ஒவ்வொன்றும் பொறுமையாக வரையப்பட்டிருக்கும். பற்கள் கூராக இருக்கும். மூக்கிலிருந்து புகை எழும். ஆனால் கால்கள் நான்கும் மேசைக் கால்களாய் நேராக இறங்கியிருக்கும். கழுத்து, நீர் பாய்ச்சும் குழாயைப்போல் அடிமுதல் நுனிவரை ஒரே பருமனில் இருக்கும். சிறகுகள் இரண்டும், விசிறிகளை முதுகில் ஒட்டிவைத்தாற்போல, எதனோடும் தொடர்பின்றி நிற்கும். அவ்விலங்கு நகர முயன்றால் கவிழ்ந்துவிடும். பார்ப்பவர்க்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் நம்பிக்கை பிறக்காது. பிழை செதிலில் இல்லை என்பதால் மேலும் ஆயிரம் செதில் வரைந்தாலும் அது திருந்தாது. அணிகளை அடுக்கியும் உயிர்பெறாத கவிதைகளை இவ்வட்டத்தார் அறிவர். மேலும் விளக்க வேண்டுவதில்லை.

லியனார்டோ தம் குறிப்புகளில் இதற்கு ஒரு வழி கூறுகிறார். உலகில் உள்ள விலங்குகளின் உறுப்புகளை ஒவ்வாத உறுப்புகளோடு எவ்விலங்கையும் படைத்தல் இயலாது. ஆகவே கற்பனை விலங்கு இயற்கையாகத் தோன்ற வேண்டுமாயின், டிராகன் என்று கொள்வோமாயின், தலையைக் காவல் நாயிடமும், கண்ணைப் பூனையிடமும், செவியை முள்ளம்பன்றியிடமும், மூக்கை வேட்டைநாயிடமும், புருவத்தைச் சிங்கத்திடமும், நெற்றிப்பொட்டைக் கிழச்சேவலிடமும், கழுத்தை நீராமையிடமும் பெறுக என்பது அவர் அறிவுரையின் சாரம். கிழச்சேவலின் நெற்றிப்பொட்டு என்று வரையறுத்த நுட்பம் நோக்கத்தக்கது. இளஞ்சேவல் போதாது என்று சொல்ல, இரண்டையும் அருகிருந்து பார்த்த கண் வேண்டும்.

தமிழ் அணியிலக்கணம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் அபூத உவமை நினைவிற்கு வரும். தண்டியலங்காரம் கூறும் அதனை உரையாசிரியர்கள் இல்பொருள் உவமை என்றும் வழங்குவர். பொன்னும் உலகில் உண்டு, மலையும் உண்டு, பொன்மலை இல்லை. இல்லாதது கூட்டு மட்டுமே. கூட்டப்பட்ட உறுப்புகள் உள்ளவை. லியனார்டோ சொன்னதும் இதுவே.

ஆயினும் உறுப்புப் பட்டியல் ஒன்றே விலங்காகிவிடாது. இதனைச் சீனத்து ஓவியர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். 11ஆம் நூற்றாண்டில் ஓவிய வரலாறு எழுதிய குவோ ருவோசு, டிராகன் வரையும் முறையைக் குறிக்கையில் ஒன்பது ஒப்புமைகளைச் சொல்கிறார். மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பேயின் கண், பாம்பின் கழுத்து, சிப்பியின் வயிறு, மீனின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், எருதின் செவி. பேயின் கண்ணை எங்குச் சென்று பார்ப்பது என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. எட்டு உறுப்புகளைக் கண்டவற்றிலிருந்து எடுத்தவர், பார்வையை மட்டும் காணாத ஒன்றிற்கு விட்டுவைத்தார் போலும். ஆனால் இவ்வொன்பதோடு சேர்த்து அவர் வைப்பது உடலின் மூன்று பகுப்பு. தலைமுதல் தோள்வரை ஒரு பகுதி, தோள்முதல் இடைவரை ஒரு பகுதி, இடைமுதல் வால்வரை ஒரு பகுதி. உடல் திசைமாறும் இடங்கள் இவையே. பாம்பைப்போல் எங்கு வேண்டுமானாலும் வளையலாம் என்ற தாராளம் டிராகனுக்கு இல்லை. தோளிலும் இடுப்பிலும் கால்கள் பொருந்தியிருப்பதால், அவ்விரு மூட்டுகளையும் மதித்தே வளைவு அமைய வேண்டும்.

இம்முறையின் உச்சம் சென் ரோங் என்பவரின் ஒன்பது டிராகன்கள் என்னும் சுருள் ஓவியம். தென்சுங் அரசில் அதிகாரியாகவும் கவிஞராகவும் விளங்கிய அவர், 1244இல் இதனைத் தாளில் மையால் தீட்டினார். இன்று அது அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. மலையிடுக்கிலும் நீர்ச்சுழியிலும் மேகத்திலும் ஒன்பது டிராகன்கள் புரள்கின்றன. முழு உடலும் தெரியும்படி அவர் வரைவது அரிது. ஓரிடத்தில் மேகத்துள் நுழையும் உடல், பிறிதோரிடத்தில் வெளிப்படும். இடையில் உள்ளது மறைவு. அம்மறைவினுள்ளும் உடல் அறாமல் ஓடுவதைக் கண் உணர்கிறது. நுழைந்தபோது இருந்த பருமனும், வளைவின் விசையும், வெளிப்படும்போது இருக்க வேண்டிய அளவில் இருக்கின்றன. பயிற்சியற்றவர் மேகத்தைப் பிழை மறைக்கும் திரையாகக் கொள்வர். இரு துண்டுகளும் இருவேறு விலங்குகளின் உடல்களாகிவிடும். மறைக்கப்போகும் பகுதியையும் முதலில் மெல்லிய கோட்டால் முழுமையாக வரைந்து, பின்னரே மேகத்தை இடுதல் வேண்டும். சொல்லாமல் விடுவதைச் சிறப்பாகக் கருதும் புதுக்கவிஞர்கள் இச்சுருளின் முன் சற்று நிற்பது நன்று. விடப்பட்டதை எழுதியவர் அறிந்து விட்டாரா, அறியாமல் விட்டாரா என்பது வாசகர்க்குத் தெரிந்துவிடுகிறது.

இனிச் சிறகு. மேலைநாட்டு டிராகனின் பெருஞ்சிக்கல் இதுவே. மீனினம் நீங்கிய முதுகெலும்புள்ள உயிர்களின் உடலமைப்பு நான்கு உறுப்புகளுக்கு மேல் வழங்குவதில்லை. பறவைக்குச் சிறகு கிடைத்தது கையைக் கொடுத்துத்தான், வௌவாலுக்கும் அவ்வாறே. வௌவாலின் சிறகை விரித்துப் பார்த்தால் அது ஒரு கை என்பது புலனாகும். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூன்றும் அதில் உண்டு. கட்டைவிரல் மட்டும் குறுகி, நகத்தோடு தனித்து நிற்கும். ஏனைய நான்கு விரல்களும் குடைக்கம்பிகளாய் நீண்டு தோலைத் தாங்கும். அழிந்துபோன பறக்கும் ஊர்வனவற்றுக்கோ நான்காம் விரல் ஒன்றே நீண்டு சிறகின் முழு விளிம்பையும் தாங்கியது. ஆகவே டிராகனின் சிறகில் காணப்படும் நரம்புகள் அலங்காரக் கோடுகளாதல் கூடாது, அவை விரல்கள். எல்லாம் மணிக்கட்டு என்னும் ஓரிடத்திலிருந்தே பிரிதல் வேண்டும். சிறகு மடங்கும்போதும் அம்மூட்டுகளிலேயே மடங்கும்.

நான்கு கால்களும் இரு சிறகுகளும் என்றால் ஆறு உறுப்புகளாகின்றன. இதனைத் தீர்க்க ஓவியர்கள் கண்ட வழிகள் சில. லண்டன் தேசிய ஓவியக் கூடத்திலுள்ள பாவ்லோ உச்செல்லோவின் 15ஆம் நூற்றாண்டு ஓவியத்தில், புனித ஜார்ஜின் ஈட்டியேற்ற டிராகனுக்கு இரண்டே கால்கள். முன்கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் சிறகுகள். உடலமைப்பு நோக்கில் அது நேர்மையான தீர்வு. ஆறு உறுப்புகளும் வேண்டும் என்பார், முன்காலின் தோள்பட்டைக்குப் பின்னே சிறகிற்கென இன்னொரு தோள்பட்டையை அமைத்தல் வேண்டும். அதனை அசைக்கும் தசைக்கும் இடம் விடுதல் வேண்டும். பறவையின் மார்பெலும்பு நடுவில் படகின் அடிப்புறம்போல் துருத்தி நிற்பது அத்தசைகள் பற்றிக்கொள்வதற்கே. கோழியை அறுத்துச் சமைக்கும் எவர்க்கும் இது தெரிந்த செய்தி. மார்பு ஒட்டி உலர்ந்த டிராகன் எவ்வளவு பெரிய சிறகை விரித்தாலும் எழும்பாது.

மூன்றாவது வழி ஒன்றை இயற்கையே காட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்திற்கு மரம் சறுக்கிப் பறக்கும் ஓணான் ஒன்று வாழ்கிறது. அறிவியலார் அதன் இனத்திற்கு இட்ட பெயரே டிராகோ என்பது. அதற்குக் கால்கள் நான்கும் கால்களாகவே உள்ளன. விலாவெலும்புகள் நீண்டு, தோல் போர்த்து, பக்கவாட்டில் சிறகாக விரிகின்றன. வேண்டாதபோது உடலோடு படிந்துவிடுகின்றன. அதனால் சிறகடிக்க இயலாது, சறுக்கத்தான் இயலும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கும் இக்கணக்கு எல்லா உடல்களிலும் உண்டு. கணக்கே இல்லாத உடல்தான் பொய்யாகத் தெரிகிறது.

கால்களிலும் ஒரு பெரும்பிழை வழக்கமாக நேர்கிறது. நாய், பூனை, குதிரை ஆகியவற்றின் பின்காலில் முழங்கால் பின்னோக்கி மடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். பின்னோக்கித் துருத்தி நிற்பது முழங்கால் அன்று, குதிகால். முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி, மனிதர்க்கு இருப்பதுபோல முன்னோக்கியே இருக்கிறது. குதிரையின் முன்காலில் முழங்கால் எனப்படுவது உண்மையில் மணிக்கட்டு. பூனை விரல்நுனிகளில் நடக்கிறது. கரடி உள்ளங்கால் பதித்து நடக்கிறது. ஓணானோ மேற்கையைப் பக்கவாட்டில் நீட்டித் தரையோடு ஊர்கிறது. முதலையிடம் இருவகையும் உண்டு. வயிறு தரையில் உரசவும் ஊரும், கால்களை உடலின் கீழ் நிறுத்தி உயர்ந்தும் நடக்கும். மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையில் ஒரு முற்பகல் செலவிட்டால் ஒரு முழு டிராகனுக்கு வேண்டிய கால்கள் கிடைத்துவிடும். தம் டிராகன் எவ்வகையில் நடக்கிறது என்பதை வரைபவர் முதலிலேயே முடிவுசெய்தல் வேண்டும். முன்கால் ஓணானுக்கும் பின்கால் பூனைக்கும் உரியதாயின், ஒன்று ஊர மற்றொன்று நடக்க, உடல் இரண்டுபடும்.

கழுத்திற்கும் இதே எச்சரிக்கை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் மனிதர்க்கு உள்ளவாறே 7 எலும்புகள்தாம். ஒவ்வொன்றும் மிக நீளம். அன்னத்தின் கழுத்தில் 20க்கும் மேற்பட்டவை. ஆதலின் முன்னது சில இடங்களில் மட்டுமே வளையும். பின்னது கொடிபோல் வளையும். டிராகனுக்கு எதுவும் பொருந்தும், ஆனால் ஏதேனும் ஒன்றே பொருந்தும். கழுத்து நீண்டால் வாலும் நீளவேண்டும். முன்னே செல்லும் பாரத்தைப் பின்னே இழுத்துப்பிடிப்பது வால்தான். உடற்பாரத்தின் நடுவிலிருந்து தரைக்கு ஒரு நூல் தொங்கவிட்டால் அது ஊன்றிய பாதங்களுக்கு இடையே விழவேண்டும். விழாவிடில் அவ்விலங்கு பாய்ந்துகொண்டோ வீழ்ந்துகொண்டோ இருக்கிறது என்று பொருள்.

நிற்கும் விலங்கு என்ன நினைக்கிறது என்பதை நிலை கூறும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். அகத்தில் நிகழ்வது உடலின்வழிப் புறத்தே புலப்படுதலே அவ்வியலின் பொருள். வெகுளியும் அச்சமும் பெருமிதமும் டிராகனிடம் எவ்வாறு தோன்றும்? முகத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. பதுங்கும் பூனையை நோக்குக. அதன் தோள்பட்டை எலும்பு மற்ற எலும்புகளோடு இறுகப் பிணைக்கப்படாமல் தசையில் தொங்குகிறது. அதனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தோள் முதுகின் மட்டத்திற்கு மேல் எழுகிறது, மற்றது தாழ்கிறது. தலை அசையாமல் ஓரிடத்தில் நிற்கிறது. அந்த எழுச்சியையும் தாழ்வையும் மட்டும் டிராகனுக்குக் கொடுத்தால் போதும். பல்லைக் காட்டாமலே அது கொல்ல வந்திருக்கிறது என்பது விளங்கும். அஞ்சும் விலங்கின் பாரம் பின்கால்களுக்குச் செல்லும், முதுகு வில்லாகும். பெருமிதம் கொண்டதன் மார்பு முன்னெழும், கழுத்து பின்சாயும். இதனாலேயே தேர்ந்த ஓவியர், தலைமுதல் வால்நுனிவரை ஓடும் ஒரே கோட்டை முதலில் இடுவர். அக்கோட்டில் உணர்வு இருந்தால் எலும்பு அதன்மேல் அமரும். பின்னர்த் தசை, இறுதியில் செதில். தொடங்குவோர் இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

மேலைநாட்டு டிராகனின் நிலை பெரும்பாலும் தோல்வியின் நிலை. குதிரையின் குளம்படியில் கிடந்து மேல்நோக்கிச் சீறும் நிலை. மழையையும் நீரையும் ஆள்வதாகக் கருதப்பட்ட சீனத்து டிராகன் யாருடைய காலடியிலும் இல்லை. தமிழகத்து யாளி இவ்விரண்டிற்கும் வேறு. நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் பின்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் யாளிக்குக் கல்லின் பாரமும் ஒரு கட்டளை. முன்னே துருத்தும் மார்பும் ஓங்கிய முன்கால்களும் தூணை விட்டு விலகிப் பாய்வனபோல் தோன்றினும், உடலின் அச்சு தூணின் அச்சை விட்டு அகல்வதில்லை. பாய்ச்சலையும் நிலைபேற்றையும் ஒரே முதுகில் வைத்த சிற்பிகள் எலும்பை அறியாதவர்கள் அல்லர். இதனைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம், இன்று இடமில்லை.

லியனார்டோவின் வரலாற்றை எழுதிய வசாரி கூறும் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. லியனார்டோ இளைஞராய் இருந்தபோது, குடியானவர் ஒருவர் அத்திமரத்தால் செய்த கேடயம் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் ஏதேனும் தீட்டித் தரும்படி அவர் தந்தையிடம் வேண்டினார். தந்தை அதனை மகனிடம் அளித்தார். லியனார்டோ தம் அறைக்குள் பல்லி, ஓணான், வெட்டுக்கிளி, பாம்பு, வண்ணத்துப்பூச்சி, வௌவால் ஆகியவற்றைக் கொண்டுசென்று, அவற்றின் உறுப்புகளைக் கூட்டி, பாறைப் பிளவிலிருந்து நஞ்சு கக்கி வெளிப்படும் கொடுவிலங்கு ஒன்றைத் தீட்டலானார். பணி நீண்டது. செத்த உயிர்களின் நாற்றம் அறையைத் தாங்கொணாததாக்கியது. வேலையில் மூழ்கியவர்க்கு அது தெரியவேயில்லை. முடிந்ததும், மங்கிய ஒளியில் கேடயத்தைச் சட்டத்தில் நிறுத்தி, தந்தையை அழைத்தார். உள்ளே வந்தவர் அது கேடயம் என்றே உணராமல் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

தந்தை அதனைக் குடியானவரிடம் கொடுக்கவில்லை. பிளாரன்சு நகர வணிகரிடம் 100 பொற்காசுக்கு மறைவாக விற்றார். வணிகர் அதனை மிலான் கோமகனுக்கு 300க்கு விற்றனர். பின்னர் அக்கேடயம் என்னவாயிற்று என்பதற்குத் தடயம் இல்லை. குடியானவருக்கெனத் தந்தை கடையில் வேறொரு கேடயத்தை வாங்கினார். அதில் அம்பு துளைத்த இதயம் ஒன்று தீட்டப்பட்டிருந்தது. அதைப் பெற்ற குடியானவர் வாழ்நாள் முழுதும் நன்றியுடன் இருந்தார் என்கிறார் வசாரி.